வயிற்றுவலி என்றுதான் சின்னவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்

பாலக்கோடு_தோட்டம்

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. தக்காளியும் கொஞ்சம் சாமந்தியும் போடுகிறோம். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது தற்கொலை செய்துகொண்டாள். வருகிற மாசி வந்தால் மூன்று வருஷம். இதை இப்படி முழுசாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஏன் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். மார்க்கா, காதலா, வீட்டில் திட்டினீர்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனோம். எங்களுக்கே தெரியவில்லை.

கேட்க வந்தது சின்னவளைப் பற்றி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரி வாசலில் நான் நினைவில்லாமல் உட்கார்ந்திருந்தேன், பெரியப்பா மகன்தான் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்தார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும்போது 'தீராத வயிற்றுவலி' என்று எழுதினால் போதும், கேள்வி வராது என்று யாரோ பெரியவர்கள் சொல்ல, அப்படியே எழுதினார்கள். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அதே பதில். சின்னவளுக்கும் அதே: "அக்காவுக்கு வயிறு வலிச்சுது, டாக்டர் பார்க்கிறதுக்குள்ள சாமிகிட்ட போயிட்டா."

போன மாதம் சின்னவள் பெரிய மனுஷி ஆனாள். அன்று பள்ளியிலிருந்து வந்து போர்வைக்குள் சுருண்டுகொண்டு, அவள் அம்மா கையை விடாமல் பிடித்து, "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், லேட் பண்ணாதீங்க" என்று கத்தியிருக்கிறாள். இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று என் மனைவி எவ்வளவோ விளக்கினாள். "அக்காவுக்கும் இப்படித்தானே வலிச்சுது" என்றாளாம். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் என் மனைவி எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இப்போது அடுத்த மாதத்தை நினைத்தே சின்னவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாமன் வீட்டார் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாள் குறிக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குப் படுகிறது. மனைவி வேண்டாம் என்கிறாள். என் அம்மா முன்னால் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாங்குமா? யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா?

நெறியாளர்

தோட்டக்கார ஐயா, தைரியமாக எழுதியதற்கு நன்றி. பதில் எழுதுகிற எல்லோருக்கும்: எப்படி நடந்தது என்ற விவரத்தை யாரும் கேட்கவும் வேண்டாம், தங்கள் வீட்டு அனுபவத்தில் எழுதவும் வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன். படிப்பவர் யாருக்காவது இந்த நேரத்தில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு

தம்பி, நான் கிருஷ்ணகிரி மாவட்டம். என் மகன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்கள் இருவரைப் பற்றி எழுதுகிறேன். சின்னவளிடம் எப்படிச் சொல்வது என்பது நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

முதல் வருஷம் நான் 'ஏன்' என்பதைத் தேடியே ஓட்டினேன். அவன் போனைத் திறக்க வைத்து, மெசேஜ் எல்லாம் படித்தேன். கூடப் படித்த பையன்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுக் கேட்டேன். பாவம், அந்தப் பிள்ளைகள் வாயில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு உயிருக்கு ஈடாகவில்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான் சொன்னார்: ஒரே காரணத்தால் இது நடப்பதில்லை, பல சேர்ந்து நடப்பது, அதில் உள்ளே இருந்த மனநோய் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று. அன்றைக்கு அது ஆறுதலாகப் படவில்லை. தேடுவதை நிறுத்தியது அதற்கும் ரொம்பநாள் கழித்துத்தான்.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. பேசவே மாட்டார். சீசன் வந்தால் விடியற்காலை மண்டிக்குப் போவார், மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றுவார், ராத்திரி வந்து படுப்பார். இவருக்கு மகன் மேல் பாசமே இல்லையா என்று எனக்கு ஆத்திரம். அவருக்கோ நான் தினமும் போட்டோ முன் உட்கார்ந்து அழுவது தாங்கவில்லை. பிரிந்துவிடுவோமோ என்ற அளவுக்குப் போனது. ஒருநாள் ரேஷன் கார்டில் பெயர் நீக்க இ-சேவை மையத்துக்குப் போனோம். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே "நீக்கக் காரணம்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஊரே பார்த்தது. அதற்கப்புறம் அவர் அழாததைப் பற்றி நான் பேசுவதில்லை.

இன்னொன்று. இப்படிப் போனவர்களுக்குக் காரியம் செய்யக் கூடாது என்று பங்காளிகளில் இரண்டு பேர் சொன்னார்கள். நாங்கள் ஒகேனக்கல் போனோம். கரையில் இருந்த ஐயர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். எப்படிச் செத்தான் என்று கேட்கவேயில்லை. மூன்று வருஷமாகிறது, உங்கள் பெரியவளுக்குத் திதி கொடுக்கிறீர்களா? இல்லையென்றால் கொடுங்கள். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அவள் பெயரை ஒரு ஆள் சத்தமாகச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஊத்தங்கரை_பெரியவர்

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு எழுபது வயது. ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள் என்பேன். சின்னப் பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் நாளைக்கு அவளுக்கு ஒரு கஷ்டம் வரும்போது 'அக்கா இப்படிச் செய்தாள்' என்ற நினைப்பு வராதா? ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் இன்னொன்று நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றுவலிக்கு டாக்டரிடம் காட்டி, பயம் தெளிய வையுங்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு தானாகத் தெரிந்துகொள்ளட்டும். அடுத்த வருஷமே மாப்பிள்ளை தேடப் போவதில்லைதான், ஆனாலும் பெண் பிள்ளை விஷயம், நாலு பேர் காதில் விழும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

பெரியவர் சொல்வதை மறுத்துப் பேசுகிறேன், மன்னிக்கவும். நான் அந்தச் சின்னவள் இருக்கும் இடத்தில் இருந்தவன்.

என் அண்ணன் இறந்தபோது எனக்குப் பத்து வயது. 'மூளைக் காய்ச்சல்' என்றார்கள். ஒன்பதாவது படிக்கும்போது கபடி ஆட்டத்தில் சண்டை வந்து ஒருத்தன் எல்லோர் முன்னாலும் "உங்கண்ணன் மாதிரி நீயும் போய்ச் சாவுடா" என்று சொல்லி, எப்படி என்பதையும் சொன்னான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டுக்குப் போய் நான் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. அப்பாவுக்கு சுகர் என்றார்கள், வேறு ஏதோ பெரிய நோயை மறைக்கிறார்கள் என்று மாத்திரை அட்டையைத் திருடிக்கொண்டு போய் மருந்துக் கடையில் காட்டிக் கேட்டேன். அம்மா பத்து நிமிஷம் பாத்ரூமிலிருந்து வரவில்லை என்றால் கதவைத் தட்டுவேன். இப்போது நாற்பது நெருங்குகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை, என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

அண்ணா, நம்ம பக்கம் 'தீராத வயிற்றுவலி' என்று பேப்பரில் வந்தால் டீக்கடையில் படிக்கிற எல்லோருக்கும் என்னவென்று புரியும். அதை அப்படியே நம்புகிற ஒரே ஆள் உங்கள் வீட்டுச் சின்னவள். எவனோ கபடிக் கிரவுண்டில் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர்

மூன்று விஷயம் மட்டும். பணிக்குக் கிளம்ப வேண்டும்.

பெரியவர் ஐயாவின் பயம் நியாயமானது, ஆனால் அதில் பாதிதான் சரி. குடும்பத்தில் ஒருவர் இப்படி இறந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் பேசுவதால் கூடுவதில்லை. பேசினால் எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்பது உலக சுகாதார அமைப்பு 2014-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே தவறான நம்பிக்கை என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு இப்படி ஒரு நினைப்பு எப்போதாவது வந்தால், வந்து சொல்லும் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த வாசலை நாம்தான் திறந்து வைக்க வேண்டும்.

அடுத்தது, அந்த அடிவயிற்று வலியை 'பயம்தான்' என்று விட்டுவிடாதீர்கள். வலி நிஜம். டாக்டரிடம் காட்டினால் மாத்திரை தருவார்கள், ரத்தப்போக்கு அதிகம் இருந்தால் ரத்தசோகையும் பார்ப்பார்கள். ஒருமுறை மாத்திரை போட்டு வலி நிற்பதை அவளே பார்த்தால் பாதி பயம் போகும்.

சாப்பிடாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பைத்தியம் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஆலோசகர்கள் இருப்பார்கள். உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்தே சீட்டுப் போடுங்கள் என்பேன்.

கோர்ட்_குமாஸ்தா

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம். பலர் வயிற்றுவலி என்று எழுதுவது வழக்கு பயத்தில். அந்தப் பயம் இன்றும் ஊரில் இருப்பதால் சொல்கிறேன். இயற்கைக்கு மாறான மரணம் என்றாலே விசாரணை நடக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்குப் பிறகு புதிய சட்டத்தில் 194. பிரேதப் பரிசோதனையும் நடக்கும். வயிற்றுவலி என்று எழுதியதால் அது நிற்காது, உங்களுக்கே தெரியும். பிள்ளை இறந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றவர் மேல் வழக்கு என்று எதுவும் கிடையாது. யாரோ தூண்டினார்கள் என்று புகார் வந்தால் அது தனி வழக்கு.

தற்கொலைக்கு முயற்சி செய்தவரைத் தண்டிக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவுதான் நம் மக்கள் மனதில் உட்கார்ந்திருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவே முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் கருத வேண்டும் என்கிறது. புதிய தண்டனைச் சட்டத்தில் 309 போலப் பொதுவான பிரிவே இல்லை. அதனால் சின்னவளிடம் உண்மையைச் சொன்னால் பழைய கேஸ் கிளம்பிவிடுமோ என்று உங்கள் அம்மா பயந்தால், அந்த விசாரணை முடிந்துபோன கதை என்று சொல்லுங்கள்.

பாலக்கோடு_தோட்டம்

குமாஸ்தா சார், அம்மாவின் பயம் அதேதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நேற்று ராத்திரி இதைப் படித்துக் காட்டினேன். "போலீஸ் வராதுன்னு எழுதித் தருவாரா அவரு?" என்றார்கள்.

ஓசூர் தம்பி எழுதியதை மனைவியிடம் காட்டினேன். அவள் தானே எழுதுகிறேன் என்கிறாள். கீழே அவள்.

நான் அவர் மனைவி. எல்லோரும் பாப்பாவைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் வேண்டாம் என்பது அவள் தாங்க மாட்டாள் என்பதற்காக இல்லை. உண்மை தெரிந்து அவள் என்னைப் பார்த்து "நீ ஏம்மா அக்காவைப் பார்த்துக்கல" என்று கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? அன்றைக்குக் காலையில் பெரியவள் என்னிடம் தலை பின்னிவிடச் சொன்னாள். பூ கட்டும் அவசரத்தில் நீயே பின்னிக்கோ என்றேன். இதை அவரிடம்கூட இதுவரை சொல்லவில்லை, இங்கேதான் படித்துத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு

அம்மாடி, நீ எழுதியது நல்லதாகப் போயிற்று.

கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். என் மகள் கேட்டாள், அதுவும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. நான் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனாடி?" அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பழி சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை, அம்மா உடைந்து விழாமல் பதில் சொல்வாளா என்று பார்த்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

தலை பின்னாத கதை எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது நூறு ரூபாய். பஸ்ஸுக்குக் கேட்டான், சில்லறை இல்லை என்றேன். பின்னிவிட்டிருந்தால், கொடுத்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் முடிவே இல்லை. நாம் இதற்கு முன்னால் ஆயிரம் நாள் பின்னிவிட்டிருக்கிறோம், அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் ஒருத்தி சொன்னாள். அவள் பக்கத்துத் தெரு, பெரிய படிப்பெல்லாம் இல்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், அவள் மட்டும் அவரைக்காய் சீசன் முழுக்க ஒரு முறத்தோடு வருவாள். இருவரும் உட்கார்ந்து உரிப்போம். எனக்கு ஆறுதல் சொல்லவே மாட்டாள். "உன் பையன் எங்க தோட்டத்து மாங்காய அடிச்சுட்டு நாய் துரத்த ஓடினது ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பிப்பாள். அவன் பெயரைச் சொல்லக்கூட மற்றவர்கள் பயந்த காலத்தில் அவள் அவனைத் திட்டுவாள், சிரிப்பாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்ததே அவள் முன்னால்தான். அன்று ராத்திரி, சிரித்துவிட்டோமே என்று அழுதேன் என்பது வேறு கதை.

கோபமும் வரும் அம்மாடி. அவன் மேலேயே வரும். ஒன்பது வருஷம் கழித்தும் சில நாள் போட்டோவைப் பார்த்து "என்னடா காரியம் பண்ணிட்ட" என்று சத்தம் போட்டுத் திட்டுகிறேன். பெற்ற தாய் திட்டலாமா என்று யோசிக்காதே.

"எத்தனை பிள்ளைங்க?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்? ஒன்று என்று சொன்னால் வயிறு எரியும், இரண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு நான் "ரெண்டு" என்றுமட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். பழகப் போகிறவர்களிடம் முழுசாகச் சொல்வேன். எல்லோருக்கும் எல்லாம் சொல்ல வேண்டிய கடன் நமக்கு இல்லை. சின்னவளுக்கு மட்டும் உண்டு.

தொப்பூர்_கணவாய்

எல்லாம் விதி. அவரவர் கர்மா. கடவுளை நம்புங்கள், எல்லாம் சரியாகும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

அண்ணே, நல்ல மனசில்தான் சொல்கிறீர்கள். ஆனால் பத்து வயதில் இதையே என்னிடம் சொன்னார்கள். அண்ணன் செய்த பாவம் என்ன என்று நான் ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒன்று, என் பம்பரத்தை உடைத்தது. விட்டுவிடுங்கள்.

அரூர்_டீச்சர்

தாமதமாக வருகிறேன், தேர்வு வேலை. அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். இப்படி நடந்த வீட்டுப் பிள்ளைகள் சிலருடன் உட்கார்ந்திருக்கிறேன். மனநல ஆலோசகரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யார் சொல்வது: இருவரும் சேர்ந்து. ஒருவர் அழுதால் மற்றவர் பேசலாம். அழுவது தப்பில்லை, அழுகைக்கு நடுவே வாக்கியம் முடிய வேண்டும், அவ்வளவுதான். எப்போது: வலி இல்லாத நாளில், மறுநாள் லீவு இருந்தால் நல்லது. விழாவுக்குச் சொந்தக்காரர்கள் கூடும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் எந்த அத்தை எதை உளறுவாள் என்று யாருக்குத் தெரியும்.

என்ன சொல்வது: சுற்றி வளைக்காதீர்கள். என்னைக் கேட்டால் இப்படி இருக்கலாம். "அக்கா வயித்துவலியால சாகல. அக்காவுக்கு மனசுல ரொம்ப பெரிய வேதனை, ஒரு நோய் மாதிரி, இருந்துச்சு. அது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அந்த வேதனையில அவ தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டா. உன்கிட்ட இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், அப்ப எங்களுக்குச் சொல்லத் தெரியல." இத்தோடு நிறுத்திவிட்டு அவள் பேசக் காத்திருங்கள். நாமே முழுக் கதையையும் கொட்ட வேண்டியதில்லை.

எப்படி என்று கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள், விவரிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் 'எங்களுக்கும் முழுசாகத் தெரியாது' என்பதே சரியான பதில். 'மார்க் குறைந்ததால்' என்று எதையாவது ஒன்றைக் காரணமாகச் சொல்லிவிட்டால், மார்க் குறைகிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்த நினைப்பு வரும். 'இப்போ நிம்மதியா இருக்கா', 'சாமிகிட்ட சந்தோஷமா இருக்கா' என்பதும் வேண்டாம். வேதனை வந்தால் அதுதான் வழி என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள், அவள் கேட்காவிட்டாலும்: "நீ செஞ்ச, சொன்ன எதுனாலயும் இது நடக்கல." ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கடைசியாக அக்காவோடு போட்ட சண்டை கட்டாயம் ஞாபகம் இருக்கும். பெரும்பாலும் அதைத்தான் மனதில் வைத்துப் புழுங்குவார்கள்.

இன்னொன்று, ஒரே உட்காரலில் முடியாது. இன்றைக்கு ஒன்று கேட்பாள், ஆறு மாதம் கழித்து இன்னொன்று, கல்லூரிக்குப் போகும் வயதில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்பாள். அக்காவின் வயதைத் தொடும் வருஷம் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு_தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை சொன்னோம். என்ன நடந்தது என்று எழுதுவது உங்களுக்கு நான் பட்ட கடன்.

அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று பேர் மட்டும் இருந்தோம். டீச்சர் எழுதியதைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. முதல் வாக்கியத்தை நான் ஆரம்பித்தேன், இரண்டாவதை முடிக்க முடியவில்லை, என் மனைவி முடித்தாள். அவள்தான் வேண்டாம் வேண்டாம் என்றவள்.

சின்னவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அப்போ எனக்கு வர்ற வலி அது இல்லையா?" இல்லை என்றோம். "நிஜமா?" நிஜமா. முகம் அப்படியே தளர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயம் சொல்லியிருக்கிறோம், பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுகிறாளே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் போய் டிவி போட்டுக்கொண்டாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்டு, "நான் அன்னிக்கு அக்கா போனை ஒளிச்சு வெச்சேன்" என்றாள். டீச்சர், நீங்கள் சொன்னதேதான். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது. போன் இல்லாததால் அக்கா டாக்டருக்குப் பேச முடியாமல் போய்விட்டதாம். நாங்கள் சொன்ன பொய்க்குள் அவளுக்கென்று ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் என் மனைவி தலை பின்னிவிடாத கதையைச் சொன்னாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும்தான்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் பேசவில்லை. அம்மாவோடு பேசுகிறாள், என்னோடு இல்லை. "நீதானே சாமிகிட்ட போயிட்டான்னு சொன்ன" என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான். சோறு மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. மெடிக்கல் காலேஜில் பெண் டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ரத்தம் கொஞ்சம் குறைவாம். மனநலப் பிரிவிலும் மூன்று பேருக்கும் சீட்டுப் போட்டோம். அங்கே இருந்த ஆலோசகர் என் மனைவியோடு ரொம்ப நேரம் பேசினார். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

விழாவைப் பெரிதாக வைக்கவில்லை, மாமன் சீரோடு வீட்டுக்குள் முடித்துக்கொள்கிறோம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் அவருக்குக் கோபம். அக்காவின் தாவணியைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள் சின்னவள். என் மனைவிக்கு இன்னும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியவில்லை. அது எப்படி முடியும் என்று தெரியவில்லை.

சின்னவளிடம் சொல்லிவிட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆயாவுக்கும் உண்மை தெரியாது என்று நினைத்து, சின்னவளே, "ஆயாகிட்ட நீங்க சொல்லாதீங்க, அது பாட்டுக்கு வயித்துவலின்னே நெனச்சுக்கட்டும்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஊத்தங்கரை_பெரியவர்

படித்தேன். நான் சொன்னதை மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், வெளி ஆட்களிடம் இதைப் பேச வேண்டியதில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வீட்டுக்குள் சொன்னது சரியாகத்தான் போலிருக்கிறது. அப்பனிடம் பேசாமல் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் பெண் ஒரு சைக்கிளுக்காக என்னிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். ஆடி 18-க்கு அனுமன்தீர்த்தம் வந்தால் சொல்லுங்கள், ஆற்றங்கரையில் பார்ப்போம்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

அண்ணா, அந்தக் கோபம் எனக்கு வரும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அவள் கோபப்படட்டும். நீங்கள் தினமும் ராத்திரி சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள், பதில் வராவிட்டாலும்.

இதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்கு போன் போட்டேன். அண்ணன் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தேன். "டூட்டிக்கு லேட் ஆகலையா" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.

அரூர்_டீச்சர்

நல்ல செய்தி சொன்னீர்கள். அவள் போன் கதையைச் சொன்னாளே, அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது: பள்ளி. வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் போய்ச் சுருக்கமாகச் சொல்லி வையுங்கள். மற்ற பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுவலி என்று சொல்லி நடுவில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் கேலி பேசாமல் அனுப்ப வேண்டும். யாராவது அக்காவைப் பற்றி ஏதாவது சொன்னால் எந்த டீச்சரிடம் போய்ச் சொல்லலாம் என்று சின்னவளே தேர்ந்தெடுக்கட்டும். ஜூனில் வகுப்பு மாறும்போது புது ஆசிரியரிடமும் இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும், அது அலுப்பான வேலைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, அவள் நோட்டில் எழுதி வையுங்கள்.

பாலக்கோடு_தோட்டம்

சரி டீச்சர். அவளைக் கேட்டேன். கணக்கு டீச்சர் வேண்டாமாம், பி.டி. டீச்சர் பரவாயில்லையாம். பேசாமல் இருந்தவள் இதற்கு மட்டும் பதில் சொன்னாள். தக்காளி லோடு திங்கள்கிழமை ராயக்கோட்டைக்குப் போகிறது, இறக்கிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போகிறேன்.